ஆன்டனெட் வீட்டுக் கோதுமையில்லாத பீட்சா

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆன்டனெட் செய்த முதல் வேலை, சமையலறை ஜன்னலின் திரையை இழுத்து மூடியது. அடுத்த வேலை, கிண்ணத்திலிருந்த மாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தது.

"இதுக்குப் பேரு மாவாம்," என்றாள் சத்தமாக. கேட்க ஆளில்லாவிட்டாலும் அவளுக்குச் சத்தமாகத்தான் பேச வரும்.

உண்மையில் அது மாவாகவே இல்லை. எடுத்தால் ஒழுகியது, விட்டால் விரலோடு வந்தது. அரிசி மாவு, மரவள்ளிக்கிழங்கு மாவு, முட்டை, ஈஸ்ட், ஆலிவ் எண்ணெய், இவை போதாதென்று மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற இசப்கோல் வேறு. இத்தாலிக்கார வீட்டில் பிறந்து, இத்தாலிக்காரனைக் கட்டி, ஐம்பத்தெட்டு வயதில் மலச்சிக்கல் மருந்தைக் கலந்து பீட்சா செய்ய வேண்டிய தலையெழுத்து. கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு அந்தக் கூழைத் தட்டில் போட்டு ஓரம்வரை அழுத்தினாள். வீசித் தட்டவும் முடியாது, சுழற்றவும் முடியாது. சுவருக்குப் பூசுகிற காரை மாதிரி தேய்க்கத்தான் வேண்டும்.

தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒரு வீட்டில் வெங்காயம் வதங்கினால் ஆறு வீட்டுக்குத் தெரியும். கதவைத் தட்டிவிட்டு வருகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. அதனால்தான் இந்தத் திரை. கோதுமை இல்லாத மாவை ஆன்டனெட் ஸ்படாரோ பிசைகிறாள் என்று தெரு தெரிந்துகொண்டால், அப்புறம் அவள் தெருவில் நடமாட முடியாது. நடமாட முடியாதபடி செய்து வைத்ததும் அவளேதான்.

விஷயம் இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி கார்மனின் மனைவி கொலீனுக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொன்னார். கோதுமையிலிருக்கிற குளூட்டன் என்ற பசை உள்ளே போனால் குடலே புண்ணாகிவிடும். துளிகூடக் கூடாது. கொலீன் ஐரிஷ்காரி. தண்ணீர் வாரிய அலுவலகத்தில் வேலை. நான்கு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவள். நாத்தனாருக்கு இது போதாதா?

ஆன்டனெட்டின் வீட்டு முன்னறைதான் அவளுடைய பியூட்டி பார்லர். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நகர முடியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் அவள் அன்றைக்கே சொன்னாள். "உருளைக்கிழங்கையே வேகவச்சுத் தின்னு வளர்ந்த வயிறு. நல்ல சாப்பாட்டைப் பார்த்ததும் மிரண்டுபோச்சு." பார்லர் சிரித்தது. சிரித்ததும் அவளுக்குக் குஷி பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் இருபது பேர் நடுவில் கொலீனுக்கு ஒரு பெரிய தட்டில் ஒரே ஒரு அவித்த உருளைக்கிழங்கை வைத்து, மேலே ஒரு இலையும் செருகிக் கொண்டுவந்து வைத்தாள். கொலீன் அதை உரித்து உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். அடுத்த வருஷத்திலிருந்து தன் சாப்பாட்டையும் தன் முள்கரண்டியையும் டப்பாவில் கொண்டுவர ஆரம்பித்தாள். அந்த டப்பாவைப் பற்றியும் பார்லரில் ஒரு வருஷத்துக்குப் பேச விஷயம் இருந்தது.

இப்படி இருந்தவள்தான், போன ஏப்ரலில், ஒருத்தியின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது கிண்ணத்தோடு சாய்ந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில், தலைமுடி சரியாக வெட்டிக்கொள்ளத் தெரியாத ஒரு சின்னப் பையன், டாக்டராம், எதிரில் உட்கார்ந்து அதே வியாதியின் பெயரைச் சொன்னான்.

"அது ஐரிஷ்காரங்களுக்கு வர்றதில்லையா?" என்றாள்.

"யாருக்கு வேணும்னாலும் வரும். இத்தாலிக்காரங்களுக்கு நிறையவே வருது."

"எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது."

"உங்களுக்கு இருக்கே," என்றான் அவன்.

அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நாலு நாள் கேலி செய்வார்கள், ஐந்தாம் நாள் சூப் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் ஆன்டனெட்டால் முடியாது. ஒன்பது வருஷம் ஒருத்தியை நாடகக்காரி என்று சொல்லிவிட்டு, இப்போது போய் அவள் பக்கத்தில் உட்காருவதா? அதைவிட ரத்தம் இல்லாமல் இருப்பது மேல் என்று நினைக்கிற ஜாதி அவள்.

ஆகவே எல்லாம் திருட்டுத்தனமாக நடந்தது. கோதுமை ஒட்டிக்கிடக்கும் என்று மரக்கரண்டிகள், பீட்சாக் கல், ரொட்டி சுடும் மெஷின் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி, இரண்டு தெரு தள்ளிப் போய் யாரோ வீட்டுக் குப்பையோடு வைத்தாள். அரிசி மாவு வாங்க ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குப் போனாள். நியூ ஜெர்சியை அவள் வாழ்நாளெல்லாம் மட்டமாகப் பேசியவள். தலையில் துணி கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அங்கேயே போனாள்.

வாரமெல்லாம் சோறு, முட்டை, காய்கறி, இறைச்சி. ஞாயிறு ஒரு நாள் மட்டும் அவளுக்கு ஸ்டேக் வேண்டும், சீஸ் வேண்டும். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மெல்லிசாகச் சீவி வதக்கிய மாட்டிறைச்சியும் உருகிய சீஸும் நீளரொட்டிக்குள் இருக்க வேண்டும். ஆனால் கோதுமையில்லாத நீளரொட்டி என்று கடையில் விற்பது பாத்திரம் துலக்கும் பஞ்சு. ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பினாள். அதனால் ரொட்டியை விட்டுவிட்டு அதே இறைச்சியை பீட்சா மேல் பரப்பினாள். ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம்தான் கூத்து. வயிறு மத்தளம் மாதிரி உப்பும். பிறகு முறுக்கும். பிறகு கழிவறைதான் வீடு. திங்கட்கிழமை பார்லருக்கு விடுமுறை என்பதால் யாருக்கும் தெரியாமல் சுருண்டு படுத்துக்கொள்வாள். புதன்கிழமைக்குக் கொஞ்சம் தெளியும். வெள்ளி, சனிக்கெல்லாம் மறுபடி மனுஷி ஆகிவிடுவாள். ஞாயிறு வரும். பீட்சா. மறுபடி மத்தளம்.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு டாக்டர் தேவைப்படவில்லை. பீட்சா சாப்பிடுகிற அன்றைக்குத்தானே வருகிறது? அப்படியானால் மாவுக்காரன்தான் திருடன். பெட்டியில் 'கோதுமை கிடையாது' என்று போட்டுவிட்டு உள்ளே கோதுமையைக் கலக்கிறான். ஒவ்வொரு வாரமும் ஒரு மாவை விசாரித்து, தண்டனை கொடுத்து, குப்பையில் போட்டாள். மாவுகள் தீர்ந்ததும் சீஸ்காரன் மேல் சந்தேகம் வந்தது. வருஷக்கணக்காக அவளுக்குப் புரோவலோன் சீஸ் வெட்டிக் கொடுக்கும் கிழவரிடம் போய், "கத்தியை ஒழுங்கா கழுவுறியா இல்லையா?" என்று கத்திவிட்டு வந்தாள். அவர் இன்னும் அவளோடு பேசுவதில்லை. பிறகு ஈஸ்ட். பிறகு இறைச்சிக்கடைக்காரன். ஊரில் நல்லவன் ஒருத்தன் மிச்சமில்லை.

அக்டோபரில் ரத்தத்தைச் சோதித்த சின்ன டாக்டர் தலையை ஆட்டினான். "எங்கேயோ கோதுமை சாப்பிடுறீங்க."

"என்னைப் பொய்க்காரிங்கிறியா?"

"தெரிஞ்சு சாப்பிடுறீங்கன்னு சொல்லல. ஆனா உள்ள போகுது. இப்படியே போனா எலும்பெல்லாம் கரைஞ்சிடும்."

எலும்பைப் பற்றி அவள் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அந்த வியாழக்கிழமை திருமதி மாஞ்சினியின் காதோரம் முடியை வெட்டும்போது கத்தரி காதைத் தொட்டுவிட்டது. சொட்டு ரத்தம்தான். அந்த அம்மாள் பரவாயில்லை என்று சிரித்துவிட்டுப் போய், அடுத்த வாரம் வேறு பார்லரில் தலையை நீட்டினாள். அன்றைக்குத்தான் ஆன்டனெட் பயந்தாள். கத்தரி பிடிக்கிற கை போய்விட்டால் அவளிடம் மிச்சமிருப்பது வாய் மட்டும்தான். வாயை வைத்துக்கொண்டு முடி வெட்ட முடியாது.

ஊரில் இந்த வியாதியைப் பற்றிக் கரைத்துக் குடித்தவள் ஒருத்திதான் இருந்தாள். சனிக்கிழமை ஃபோனை எடுத்து அவளைக் கூப்பிட்டாள். உதவி கேட்பதைக்கூடத் திட்டுவது மாதிரிதான் அவளுக்குக் கேட்க வந்தது.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு வா. உன் ஜாதி மாவு ஒண்ணு வாங்கியிருக்கேன். பீட்சா போடுறேன். கார்மனைக் கூட்டிட்டு வராதே."

"எனக்கா?" என்றாள் கொலீன்.

"இல்ல, போப்பாண்டவருக்கு. வர்றியா இல்லையா?"

கொலீன் வந்தாள். கார்மன் கிளப்பில் கால்பந்து பார்க்கப் போயிருந்தான். சமையலறைக்குள் நுழைந்த கொலீன் கோட்டைக் கழற்றாமல் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். ரொட்டி மெஷின் இருந்த இடம் காலி. மரக்கரண்டி ஒன்றுகூட இல்லை. வெட்டுகிற பலகை புதுசு. சல்லடை புதுசு. பழைய கல் இல்லை, புது இரும்புத் தட்டு. அலமாரியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள். பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பலேருந்து?" என்றாள்.

"எது எப்பலேருந்து?"

"ஆன்டனெட்."

"ஏப்ரல்," என்றாள் ஆன்டனெட், ஓவனைப் பார்த்துக்கொண்டு.

கொலீன் சிரித்தாள். அவள் சிரித்து ஆன்டனெட் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மேஜையில் கையூன்றி, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஆன்டனெட்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கரண்டியை எடுத்து எறியலாமா என்று இருந்தது. ஆனால் கை நடுக்கம் நினைவுக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயத்தை அரிய ஆரம்பித்தாள்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் இருக்கு," என்று கண்ணைத் துடைத்தாள் கொலீன். "ஒன்பது வருஷ பாக்கி."

சிரிப்பு அடங்கியதும் ஆன்டனெட் நடந்ததையெல்லாம் சொன்னாள். மாவுக்காரன், சீஸ்காரன், ஈஸ்ட்காரன், எல்லாரையும் ஒரு பிடி பிடித்தாள். கொலீன் ஒவ்வொரு பெட்டியையும் எடுத்துப் படித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இந்த மாவைத்தான் நானும் வாங்குறேன். என் வீட்டைவிட இங்க சுத்தமா இருக்கு. முதல்ல நீங்க செய்யுங்க, பார்க்கிறேன்."

ஆன்டனெட் செய்தாள். திட்டிக்கொண்டேதான் செய்தாள், ஆனால் கை சும்மா இல்லை. பரப்பி வைத்த மாவை வெறுமையாக முதலில் ஓவனுக்குள் தள்ளினாள். அது வெந்து ஓரம் சிவக்கட்டும், இல்லாவிட்டால் இறைச்சியின் ஈரத்தில் களியாகிவிடும். பாதி உறைந்த விலாக்கறியை எடுத்துத் தாள் மாதிரி சீவினாள். இரும்புக் கல்லில் வெங்காயம் பொன்னிறமானதும் இறைச்சியைப் போட்டு இரண்டு கரண்டியாலும் கொத்தினாள்.

"நீங்க ஐரிஷ்காரங்கதான் கறியைத் தண்ணியில வேகவைக்கிறவங்களாச்சே. இதைப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்குமே," என்றாள், பழக்கத்தில்.

"எங்க வயிறு எரியல. இப்ப உங்க வயிறுதான் எரியுது," என்றாள் கொலீன்.

ஆன்டனெட் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு, கறியை வடிதட்டில் கொட்டினாள். வெந்த மாவின் மேல் முதலில் புரோவலோன் துண்டுகள், அதன் மேல் கறியும் வெங்காயமும், மேலே மறுபடி புரோவலோன். தக்காளிச் சாறு கிடையாது. டப்பாவில் வருகிற மஞ்சள் சீஸும் கிடையாது, அது வெளியூர்க்காரர்கள் ஃபோட்டோ எடுத்துவிட்டுத் தின்பதற்கு. சீஸ் குமிழியிட்டு ஓரத்தில் கருகியதும் வெளியே எடுத்து வெட்டினாள்.

கொலீன் கைப்பையிலிருந்து தன் முள்கரண்டியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு, ஒரு துண்டைக் கையாலேயே எடுத்தாள். அந்த அவித்த உருளைக்கிழங்குக்கு அப்புறம் அந்த வீட்டில் அவள் வாயில் வைத்த முதல் சாப்பாடு அது. இரண்டு துண்டு சாப்பிட்டாள். மூன்றாவதும் எடுத்தாள்.

"நல்லாருக்கா?" என்றாள் ஆன்டனெட்.

"உப்புக் கம்மி."

இருவரும் நடு அறையில் டிவியில் கால்பந்து பார்த்தார்கள். பாதி ஆட்டத்தில் ஆன்டனெட்டின் வயிறு உப்பியது. முறுக்கியது. கழிவறைக்குப் போய் வெளுத்த முகத்தோடு திரும்பி வந்து சோபாவில் விழுந்தாள். கொலீன் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு?"

"ஒண்ணுமே இல்ல. ஒரு சொட்டுக் கோதுமை போனாலும் எனக்கு முதல்ல தெரியும். பீட்சாவுல ஒண்ணும் இல்ல, ஆன்டனெட். காலையிலேருந்து வேற என்ன சாப்பிட்டீங்க?"

"எதுவும் இல்ல. பூசைக்கு முன்னாடி நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன், உனக்குத் தெரியாதா?"

"பூசையில?"

"பூசையில என்ன சாப்பாடா போடுறாங்க? நன்மை வாங்கினேன். வீட்டுக்கு..."

நாக்கில் ஃபாதர் வைத்த மெல்லிய அப்பம் நினைவுக்கு வந்து அவள் வாய் அப்படியே நின்றது.

"அது ரொட்டி இல்ல," என்றாள் ஆன்டனெட்.

"சரி."

"அது ஆண்டவரோட உடம்பு."

"ஆண்டவரோட உடம்புதான். மாவு கோதுமை."

"ஃபாதர் அதைத் தூக்கிப் பிடிச்சு எழுந்தேற்றம் பண்ணதுக்கப்புறம் அது கோதுமை இல்ல! சின்ன வயசுலேருந்து படிச்சதை நீ வந்து மாத்துவியா?"

"உங்க ஆத்துமாவுக்கு அது கோதுமை இல்ல. உங்க குடல் வேதபாடம் படிக்கல," என்றாள் கொலீன். "ஞாயித்துக்கிழமை தவறாம வருதுன்னா ஞாயித்துக்கிழமை தவறாம வாயில போறது என்னன்னு பார்க்க வேண்டாமா? நான் ஒன்பது வருஷமா எல்லாருக்கும் கடைசியா போய் நிக்கிறேனே, ஃபாதர் தனி டப்பாவுலேருந்து எடுத்துக் கொடுக்கிறாரே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?"

"பகட்டுக்குன்னு நினைச்சேன்," என்றாள் ஆன்டனெட். அந்த வலியிலும் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியும். ஏசுவே ஒத்துக்கலையாம் இந்த மகாராணிக்குன்னு நீங்க பார்லர்ல சொன்னது என் காதுக்கு அன்னிக்கே வந்திடுச்சு."

ஆன்டனெட் சோபாவின் பூவேலையைப் பார்த்தாள். பாவம் சீஸ்காரக் கிழவர். பாவம் ஈஸ்ட்காரன். ஏப்ரலிலிருந்து ஊரிலிருக்கிற அப்பாவிகளையெல்லாம் தூக்கில் போட்டுவிட்டு, வாராவாரம் விஷத்தை அவளே கைகூப்பி, நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பசையை எடுத்துட்டு கன்னியாஸ்திரீங்க செய்யிற அப்பம் இருக்கு," என்றாள் கொலீன், கோட்டை மாட்டிக்கொண்டே. "ஃபாதர்கிட்ட முன்கூட்டியே சொல்லணும். அப்புறம் வரிசையில கடைசியா, எனக்குப் பின்னாடி வந்து நிக்கணும்."

"கோயில் முழுக்கப் பார்த்துட்டிருக்க, உனக்குப் பின்னாடியா? அதுக்கு நான் செத்தே போகலாம்."

"அதுவும் நடக்கும், இப்படியே போனா," என்று சொல்லிவிட்டு கொலீன் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு வரை ஆன்டனெட் யோசித்தாள். நன்மை வாங்கினால் வயிறு. கொலீன் பின்னால் நின்றால் மானம். கடைசியில் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தாள். எழுந்திருக்கவே போவதில்லை. எல்லாரும் வரிசைக்குப் போகும்போது பேசாமல் முட்டிபோட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் தீர்ந்தது.

என்ன தீர்ந்தது? அந்தக் கோயிலில் அறுபது வருஷமாக முதல் ஆளாக எழுந்து போகிற குடும்பம் அது. அவள் பெஞ்சியிலேயே முட்டிபோட்டு இருந்ததும், அதே வரிசையிலிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக அவள் காலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. போன ஒவ்வொருத்தரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல கத்தோலிக்கப் பெண் நன்மை வாங்கப் போகவில்லை என்றால் காரணம் ஒன்றுதான். பெரிய பாவம் இருக்கிறது, அதை இன்னும் ஃபாதரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. ஆன்டனெட் விதவை. திருடுகிறவளும் இல்லை, கொலை செய்கிறவளும் இல்லை. மிச்சம் என்ன இருக்கிறது என்று பெஞ்சியில் இருந்த பெண்களுக்கெல்லாம் உடனே புரிந்துவிட்டது. வேறொருத்தி இப்படி உட்கார்ந்திருந்தால் முதலில் புரிந்துகொள்கிறவள் ஆன்டனெட்டாகத்தான் இருப்பாள்.

ஓவனில் பீட்சா இருக்கும்போதே கார்மன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். ஐம்பது வயது மனுஷன், மூச்சு வாங்க நின்றான்.

"யாரு அக்கா அது?"

"எது?"

"மறைக்காதே. கிளப்புல ஒவ்வொருத்தனும் என்னைத் தோள்ல தட்டுறான். யாரு அந்த ஆளு?"

ஆன்டனெட் கரண்டியோடு நின்றாள். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது, அங்கேயே நின்றது.

"ஆமா, ஒருத்தர் இருக்காரு," என்றாள். "இப்ப என்னங்கிற?"

கார்மன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை. "கல்யாணம் ஆனவனா?"

"அதையெல்லாம் கேட்காதே."

"அக்கா! அவனுக்காகவா இந்தத் திரையெல்லாம்? அவனுக்காகவா பீட்சா?"

"ஆமா. எழுந்து போடா."

போனான். ஒரு ஐரிஷ்காரியின் வியாதி தனக்கும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட, இன்னொருத்தி புருஷனோடு தொடர்பு இருப்பதாக ஊர் நம்புவது அவளுக்குக் கௌரவமாகப் பட்டது. அப்படி ஒரு கௌரவம்.

பீட்சாவை எடுத்து மேஜையில் வைத்துச் சாப்பிட்டாள். உப்புச் சரியாக இருந்தது. ஐந்து துண்டு சாப்பிட்டுவிட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கால்பந்து முதல் பாதி முடிந்தது. ஒன்றுமில்லை. ஆட்டமே முடிந்தது. வெளியே இருட்டத் தொடங்கியது. வயிறு அமைதியாக, எட்டு மாதத்துக்கு முன்பு இருந்த மாதிரி, தன் பாட்டுக்குக் கிடந்தது. கையை நீட்டிப் பார்த்தாள். ஒருவேளை நடுக்கம்கூடக் குறைந்திருக்கிறதோ என்று தோன்றியது. அப்படி ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

"கொலீன், வலிக்கல!" என்று ஃபோனில் கத்தினாள். "அஞ்சு துண்டு தின்னேன், ஒண்ணும் பண்ணல! கத்தி மாதிரி குத்துமே, அது இல்ல. உப்புசம் இல்ல. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் நிமிர்ந்து உட்கார்ந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? நீ நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது அந்த வலியை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

"கொலீன்?"

"இருக்கேன்," என்றாள் கொலீன். "ஆன்டனெட், ரேமண்ட் அடக்கம் முடிஞ்சு மண்டபத்துல சாப்பாடு போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

ரேமண்ட் ஆன்டனெட்டின் கணவன். ஆறு வருஷம் ஆயிற்று. "இருக்கு. அதுக்கென்ன?"

"நான் என் டப்பாவை எடுத்தேன். நீங்க வந்து டப்பாவை மூடினீங்க. உங்க கையாலேயே ஒரு கரண்டி பாஸ்தாவை என் தட்டுல வச்சு, 'இன்னிக்கு ஒரு நாளாவது நாடகம் போடாதே'ன்னீங்க. எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க. நீங்க அழுதுட்டிருந்தீங்க. அதனால சாப்பிட்டேன்."

ஆன்டனெட் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த மத்தியானம் கொலீன் பாதியில் காணாமல் போனதும், வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்ததும், பாத்திரமெல்லாம் தேய்த்ததும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சாவு வீட்டில் சிகரெட் பிடிக்க ஓடிப்போனாள் என்று அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்?

"எங்கே போயிருந்தே?" என்றாள் மெல்ல.

"மண்டபத்துக்குப் பின்னால, காரெல்லாம் நிறுத்துற இடத்துல. தரையில படுத்திருந்தேன். எழுந்திருக்க முடியல." கொலீன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அந்த வலியை நான் நினைச்சுப் பார்க்க முடியும், ஆன்டனெட்."

வெட்கம் என்றால் என்னவென்று ஆன்டனெட்டுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. இப்போது காதுவரை தெரிந்தது. மன்னித்துக்கொள் என்ற வார்த்தை அவளுடைய வாய்க்குப் பழக்கமில்லாத வார்த்தை. அதைத் தேடித் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"ஃபாதர்கிட்ட என்னன்னு சொல்லணும்?" என்று கேட்டாள்.

"கோதுமை ஒத்துக்கலைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"எல்லாரும் பார்ப்பாங்களே?"

"பார்ப்பாங்க. சிரிப்பாங்க," என்றாள் கொலீன். "பழகிடும்."